ஆடிப்பட்டமும் வேளாண் பட்டமும்

தருமபுரி மாவட்டத்தின் தென்கிழக்கில், மேற்கே சேர்வராயன் மலையும் கிழக்கே சித்தேரி மலையும் அணைத்து நிற்கும் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில், உழவு நெடுங்காலமாக இரண்டு வகை நிலத்தில் இரண்டு வகையாக நடந்து வந்திருக்கிறது. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் எட்டிய இடங்களில் நெல், கரும்பு, மஞ்சள், வெற்றிலை என்று பணம் பார்க்கும் பயிர்கள் விளைந்தன. மழையை மட்டுமே நம்பிய மேட்டுப் புன்செயில் கேழ்வரகும் சாமையும் சோளமும் கொள்ளும் துவரையும் எள்ளும் வீட்டுத் தானியக் குதிர்களை நிரப்பின. ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெறும் இம்மாவட்டத்தில் அந்த மழையும் தென்மேற்குப் பருவத்துக்கும் வடகிழக்குப் பருவத்துக்குமாகப் பிரிந்து பெய்வதால், ஆடியில் எதை விதைப்பது, ஆடி தவறினால் புரட்டாசியில் எதை விதைப்பது, இரண்டும் தவறினால் கொள்ளையாவது தெளித்துவிடுவதா என்ற கணக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் மனப்பாடமாக இருந்தது. கோடையில் ஏரி வண்டலை வெட்டி வயலில் அடிப்பதும், அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவதும், விதைத் தவசத்தைச் சாம்பலிலும் வேப்பிலையிலும் புரட்டிப் பானையில் கட்டிவைப்பதும் இந்தக் கணக்கின் பகுதிகளே. விதைப்பானை பெரும்பாலும் பெண்கள் பொறுப்பில் இருந்ததால், அடுத்த ஆண்டுப் பயிரின் தன்மையை முடிவு செய்தவர்களும் அவர்களாகவே இருந்தனர். இவற்றை எவரும் கல்வி என்று அழைத்ததில்லை. வேளாண் கல்வி என்ற பெயரில் அரசு ஒன்றைத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அது இந்த இரண்டு நிலங்களில் எதன் பக்கம் நடந்தது, எதனால் அப்படி நடந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இவ்வட்டாரத்து உழவை அரசு முதன்முதலில் விரிவாக எழுதி வைத்தது வரிக்காகத்தான். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து தருமபுரிப் பகுதி அடங்கிய பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அவற்றை நிருவகிக்க அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோ உள்ளிட்ட இளம் இராணுவ அதிகாரிகளும் அனுப்பப்பட்டனர். இடைத்தரகர் இன்றி ஒவ்வொரு பயிரிடுவோரிடமும் அரசு நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்குதான் வடிவம் பெற்றது. அதற்காக நிலம் அளக்கப்பட்டது, மண் வகைப்படுத்தப்பட்டது, கிணறுகள் எண்ணப்பட்டன. ஒரு வயல் எவ்வளவு விளையும் என்பதில் அன்றைய அரசுக்கு இருந்த அக்கறை, அதைக் கூடுதலாக விளைய வைப்பது எப்படி என்பதில் இல்லை. அந்த இரண்டாவது கேள்வி எழுவதற்கு இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. எழுந்த இடமும் பாராமகாலிலிருந்து வெகு தொலைவில், சென்னைக்கு அருகே அடையாற்றங்கரையில் இருந்தது.

1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன் பொறியாளர். இந்திய உழவின் குறை அதன் கருவிகளில் இருக்கிறது என்று கருதியவர். அவருடைய முயற்சியால் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைப்புக் கருவி, கதிரடிக்கும் பொறி, தூற்றும் பொறி, தீவனம் நறுக்கும் பொறி எனப் பலவும் வரவழைக்கப்பட்டு, அவற்றை ஓட்டிக் காட்டுவதற்கென்று 1865ஆம் ஆண்டளவில் சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணை நிறுவப்பட்டது. நீராவிக் கலப்பை என்பது வயலின் ஓரத்தில் நிறுத்திய நீராவிப் பொறி கம்பிவடத்தால் கலப்பையை இழுக்கும் ஏற்பாடு. அது பரந்த, வரப்பில்லாத, கனத்த மண் கொண்ட ஆங்கிலப் பண்ணைக்காக உருவானது. ஒரு சோடி மாடு திரும்பவே இடம் பார்த்துத் திரும்பும் துண்டு நிலங்களுக்கு அது என்ன பயன் தரும் என்று வாங்குவதற்கு முன் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. பண்ணை அமைந்த மண்ணும் சத்தற்ற மணல். அங்கே பெறப்பட்ட முடிவுகள் கரிசலுக்கோ செம்மண்ணுக்கோ நேராகப் பொருந்தக்கூடியவை அல்ல.

பண்ணையோடு சேர்ந்து பள்ளியும் வந்தது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் வரலாற்றை 1868ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறது. பண்ணையின் பொறுப்பாளராகவும் பின்னர் பள்ளியின் தலைவராகவும் விளங்கிய டபிள்யூ. ஆர். இராபர்ட்சன் உழைப்பாளி, மாவட்டங்களைச் சுற்றி அறிக்கை எழுதியவர், இரும்புக் கலப்பையைப் பரப்புவதில் பிடிவாதம் கொண்டவர். வேதியியல், தாவரவியல், கால்நடை மருத்துவம், நில அளவை ஆகியவை ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலம் கற்றவர்களே மாணவர்களாக வரமுடிந்தது. ஆங்கிலம் கற்றவர்கள் அக்காலத்தில் தேடியது வருவாய்த் துறை வேலையை. சான்றிதழ் பெற்ற பிறகு தம் நிலத்துக்குத் திரும்பி ஏரைத் தொட்டவர்கள் மிகச் சிலரே. பள்ளியை நடத்தியவர்களைக் குறை சொல்வதற்கு இதில் அதிகம் இல்லை. வேளாண்மை படித்தவருக்கு அலுவலகத்தில் ஊதியமும் வயலில் கடனும் காத்திருக்கும் சூழலில் எந்தப் பாடத்திட்டமும் வேறு விளைவைத் தந்திருக்க முடியாது.

இதற்கிடையில் 1876 முதல் 1878 வரை நீடித்து, தாதுவருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. அப்போது தருமபுரி, அரூர்ப் பகுதிகள் அனைத்தும் சேலம் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன; தருமபுரி தனி மாவட்டமானது 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள்தான். பஞ்சத்தின் பின் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையம் 1880இல் அளித்த அறிக்கையில் மாகாணந்தோறும் வேளாண் துறை அமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பட்டினியைத் தடுக்கும் வழிகளில் ஒன்று உழவறிவைப் பெருக்குவது என்ற கருத்து அரசின் ஏடுகளில் இடம் பிடித்தது இதற்குப் பின்னரே. ஆனால் எந்த நிலத்தின் உழவறிவு என்பது சொல்லப்படவில்லை. பஞ்சத்தில் முதலில் வீழ்ந்தது மேட்டுப் புன்செய். அடுத்து வந்த ஆய்வுப் பணம் பெரும்பாலும் பருத்திக்கும் கரும்புக்கும் நெல்லுக்கும் சென்றது.

சைதாப்பேட்டையின் கருவி மோகத்துக்கு முதல் மறுப்பு இங்கிலாந்திலிருந்தே வந்தது. அரச வேளாண் சங்கத்தின் வேதியியலாளரான ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889இன் இறுதியில் இந்தியா வந்து, மாகாணந்தோறும் பயணம் செய்து, 1893இல் அறிக்கை வெளியிட்டார். இந்திய உழவர் பிற்போக்கானவர் என்ற பொதுக்கருத்தை அவர் ஏற்கவில்லை. நல்ல நிலையில் உள்ள இந்திய உழவர் சராசரி ஆங்கிலேய உழவருக்கு ஈடானவர், சில வகைகளில் மேலானவர் என்றும், எருவும் நீரும் கிடைக்காததே அவருடைய இடர் என்றும் அவர் முடிவு செய்தார். சாணம் விறகாக எரிந்துபோவதைத் தடுக்க ஊர்தோறும் எரிபொருள் காடு வேண்டும் என்ற அவர் யோசனை, வனத்துறையின் வேலிகள் இறுகிக்கொண்டிருந்த மலையடிவார ஊர்களுக்கு நேரடியாகப் பொருந்தக்கூடியது. அந்த யோசனை பெரும்பாலும் தாளிலேயே தங்கிவிட்டது.

கர்சன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில் மத்திய அரசு ஆராய்ச்சியின் பக்கம் திரும்பியது. 1905இல் பீகாரின் பூசாவில் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அடுத்த ஆண்டு சைதாப்பேட்டைப் பள்ளி கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, வேளாண் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் ஒரே வளாகத்தில் அமைந்தன. 1920இல் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுப் பட்டம் வழங்கும் தகுதி பெற்றது. 1946 வரை தென்னிந்தியா முழுவதற்கும் உயர்நிலை வேளாண் கல்வி அளித்தது இந்த ஒரு வளாகமே. மாணவர் சங்கம் 1911இல் தோன்றி, 1913இல் தன் இதழைத் தொடங்கியது. ஆங்கிலத்தில் வெளிவந்த அந்த இதழ் ஆய்வாளருக்கு நல்ல மேடையாக அமைந்தது, ஆனால் உழவர் வாசிக்கக் கூடியதாக இல்லை.

கோயம்புத்தூரின் பெருமை அதன் வகுப்பறைகளைவிட அதன் விதைப் பாத்திகளில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1912இல் தொடங்கிய நெல் இனப்பெருக்க ஆய்விலிருந்து 1921இல் ஜி.இ.பி. 24 என்ற வகை வெளிவந்து, தென்னிந்தியா எங்கும் பரவியது. அதற்கு ஏற்கெனவே உழவர் பயிரிட்டுவந்த ஒரு சம்பா வகையே தாய். சிறுதானியங்களுக்கென்று ஜி. என். ரங்கசாமி அய்யங்கார் தலைமையில் 1920களில் தனி ஆய்வு தொடங்கியது. விதைக்கு ஒரு வசதி உண்டு: அதை விளங்கிக்கொள்ள எழுத்து தேவையில்லை, சந்தையில் ஒருவர் கைப்பிடி வாங்கினால் அடுத்த ஆண்டு ஊரே விதைக்கும். கல்லூரியில் படித்தவர் ஊருக்குத் திரும்பாத காலத்திலும் கல்லூரியில் பிறந்த விதை ஊருக்கு வந்து சேர்ந்ததன் காரணம் இதுதான். இருந்தும் வட்டார நிலைமைக்கேற்ற சோதனைக்கு அருகில் நிலையம் வேண்டும். கரிசல் பருத்திக்கு 1901இல் கோவில்பட்டியும், தென்னார்க்காட்டு நிலக்கடலைப் பகுதிக்கு 1905இல் பாலூரும் அமைந்தபோது, சேலத்தின் வடபாதிக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை. ஒசூரில் கால்நடைப் பண்ணை இருந்தது. கேழ்வரகுக்கும் சாமைக்கும் நிலையம் இல்லை. பிற்காலத்தில் பையூரில் மண்டல ஆராய்ச்சி நிலையம் வந்தபோதே அந்த இடைவெளி குறைந்தது. பையூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.

கரும்பின் கதை வேறு, அது தீவுகளையும் தமிழகத்தையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. 1834க்குப் பின் ஒப்பந்தத் தொழிலாளராகத் தமிழர் பெருமளவில் மொரீசியசுக்குச் சென்று கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். பின்னர் அத்தீவின் பெயரையே தாங்கிய செம்மொரீசியஸ் கரும்பு வகை சென்னை மாகாணத்துக்கு வந்து, செவ்வழுகல் நோயால் நாட்டுக்கரும்பு அழிந்த இடங்களில் நடப்பட்டது. செவ்வழுகல் என்பது தண்டின் உட்பகுதி சிவந்து, சாறு புளித்து, கரும்பு உள்ளிருந்தே அழுகும் பூசண நோய். 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைத் தொடங்கிய சி. ஏ. பார்பரும் அவரைத் தொடர்ந்த டி. எஸ். வெங்கடராமனும் நாட்டுக் கரும்பைக் காட்டுக் கரும்புடன் கலந்து கோ 205 என்ற வகையை உருவாக்கினர். 1918இல் வெளியான அது வட இந்தியக் கரும்பு வேளாண்மையையே மாற்றியமைத்தது. உழைப்பாளியும் கரும்பும் கடல் கடந்து போய்வந்துகொண்டிருந்த காலத்தில் கல்வி மட்டும் அந்தப் பாதையில் பயணம் செய்யவில்லை.

மொரீசியசில் 1914இல் வேளாண் பள்ளி தொடங்கி, 1920களில் ரெது என்னும் இடத்தில் கல்லூரியாக உயர்ந்தது. 1953இல் சர்க்கரைத் தொழில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1960களில் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் புலங்களில் ஒன்றாக வேளாண்மை இருந்தது. ஒரு சிறு தீவுக்கு இவ்வளவு நிறுவனம் போதுமானதே. ஆயினும் இவை அனைத்தும் கரும்பைச் சுற்றிச் சுழன்றன; தீவு தன் அரிசியையும் கோதுமை மாவையும் இறக்குமதி செய்தே உண்டது. 1961இல் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் தலைமையிலான குழு ஒரே பயிரை நம்பியிருப்பதன் ஆபத்தை எடுத்துரைத்தது. அதன் பிறகும் நிலத்தின் பெரும்பகுதி கரும்பிலேயே இருந்தது, ஐரோப்பாவின் உறுதியான சர்க்கரை விலை இருக்கும் வரை மாற வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை. அந்த விலை ஏற்பாடு 2009இல் முடிந்தபோது, காய்கறியும் உணவுப் பயிரும் விளைவிக்கக் கற்பிக்கும் வேலையைத் தீவு ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இலங்கையின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. சேலம், திருச்சி மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து பஞ்சம் துரத்திய குடும்பங்கள் சென்று சேர்ந்த இடங்களுள் அதன் மலையகமும் ஒன்று. 1821இல் அமைந்த பேராதனைத் தாவரவியல் தோட்டம் சின்கோனா, தேயிலை, இரப்பர் ஆகியவற்றைப் பெருந்தோட்ட முதலாளிகளுக்கு அறிமுகம் செய்தது. இரப்பருக்கு 1910இலும், தேயிலைக்கு 1925இலும், தென்னைக்கு 1929இலும் தனித்தனி ஆய்வு அமைப்புகள் உருவாயின. நெல் பயிரிடும் சிறு உழவருக்கு இணையான அமைப்பு அவ்வளவு விரைவில் கிடைக்கவில்லை. 1884இல் கொழும்பில் தொடங்கிய வேளாண் பள்ளி நிலைக்கவில்லை. அதற்கு மாற்றாக 1901 முதல் கிராமப் பள்ளிகளில் பள்ளித் தோட்டம் என்ற திட்டம் பரப்பப்பட்டது. பள்ளி வளாகத்தில் பாத்தி கட்டி, அரசு தரும் விதையை மாணவர் விதைத்து, வளர்ந்ததை வீட்டுக்குக் கொண்டுசெல்வது என்பதே அதன் வடிவம். செலவு குறைவு, தாய்மொழியில் நடக்கும், ஆசிரியரும் ஊர்க்காரர். பிற காலனிகள் கவனித்துப் பின்பற்றிய இத்திட்டத்தில் ஒரு நுட்பம் இருந்தது: அது உழவரை உருவாக்க முயலவில்லை, விதையைப் பரப்பப் பள்ளியைப் பயன்படுத்தியது. சைதாப்பேட்டையின் ஆங்கில வகுப்பைவிட இது எவ்வளவோ மேலான எண்ணம். பிற்காலத்தில் 1990இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன் வேளாண் பீடத்தைக் கிளிநொச்சியில் அமைத்தது, துலாவும் கிணறுமாக வெங்காயம், மிளகாய், புகையிலை விளைவித்த குடாநாட்டு உழவுக்கும் வன்னியின் குளத்துப் பாசனத்துக்கும் நடுவே பீடத்தை வைக்கும் முடிவு. போர் அதை இடம்பெயர வைத்து, நெடுங்காலம் கழித்தே மீண்டும் கிளிநொச்சிக்குத் திரும்ப விட்டது.

சென்னை மாகாணத்திலும் பள்ளி வழியாக உழவைக் கற்பிக்கும் எண்ணம் பலமுறை தலைதூக்கியது. லின்லித்கோ பிரபு தலைமையில் 1926 முதல் 1928 வரை செயல்பட்ட அரச வேளாண் ஆணையம், உழவர் பிள்ளைகளுக்கென்று தனிப்பள்ளி நடத்துவதைவிடப் பஞ்சாபில் செய்ததுபோல் பொதுவான நடுநிலைப் பள்ளியில் வேளாண்மையை ஒரு பாடமாக வைப்பது நல்லது என்று கருதியது. அதற்குப் பின் வந்த காந்தியின் ஆதாரக் கல்வி கைத்தொழிலையே கல்வியின் நடுவில் வைத்தது. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பாதிநாள் பள்ளியும் மீதிநாள் பெற்றோர் தொழிலும் என்று வகுத்தபோது, சாதித் தொழிலைப் பிள்ளைகளின் தலையில் மீண்டும் கட்டும் முயற்சி என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. நிலமற்ற கூலிக் குடும்பத்துக் குழந்தைக்கு வேளாண் கல்வி என்பது அடுத்தவர் வயலில் களை பறிக்கும் பயிற்சியாகவே முடியும். பள்ளி என்பது அந்த வயலிலிருந்து வெளியேறும் வாயில் என்று அவர்கள் கண்டிருந்தனர். வேளாண் கல்வியைச் சீர்திருத்த முயன்ற எவரும் நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தாண்டிச் செல்ல முடிந்ததில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழக வரலாற்றில் இல்லை.

1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்வி ஆணையம் இந்த அனுபவத்தைத் தொகுத்து வெளிப்படையாகவே எழுதியது: தொடக்க, கீழ்நிலைப் பள்ளி மாணவரை உழவுத் தொழிலுக்குப் பயிற்றும் முயற்சிகள் தோற்றுவிட்டன, அவற்றைத் தொடர வேண்டாம், பதிலாகப் பள்ளியை முடித்தவருக்கு வேளாண் பல்தொழில்நுட்பப் பயிலகங்கள் வேண்டும் என்பது அதன் கருத்து. தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவுகளில் ஒன்றாக வேளாண்மையும் சேர்க்கப்பட்டது. அதிலும் பழைய சுவடு தொடர்ந்தது. அப்பிரிவில் சேர்ந்தவரின் பார்வை வயலைவிட வேளாண் கல்லூரி இடத்தின் மீதும் அரசுப் பணியின் மீதும் இருந்தது.

வளர்ந்தவருக்குக் கற்பிக்கும் முயற்சி, அதாவது வேளாண் விரிவாக்கம், வேறு பாதையில் சென்றது. ஆய்வு நிலையத்தில் கண்டதை உழவரிடம் கொண்டுசெல்வதும், உழவரின் இடரை ஆய்வு நிலையத்துக்குத் திருப்பிச் சொல்வதும் விரிவாக்கத்தின் இரு பாதிகள். இரண்டாவது பாதி பெரும்பாலும் ஊமையாகவே இருந்திருக்கிறது. 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் ஊர்தோறும் கிராம சேவகரை அனுப்பியது. பதிவேடு, கடன் படிவம், கணக்கு என்று அவர் தலையில் எல்லா வேலையும் விழுந்ததால் உழவு அவற்றில் ஒன்றாகிப் போனது. 1960இல் தஞ்சை மாவட்டத்தில் தொடங்கிய தீவிர வேளாண் திட்டம் வேறு மாதிரி வெற்றி கண்டது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி வழியே அறிமுகமான ஏ.டி.டி. 27 என்ற குறுகியகால நெல்லை உழவர்கள் ரேடியோ நெல் என்றே அழைத்தனர். எழுத்தறிவு குறைந்த நாட்டில் காதுவழிக் கல்வி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அந்தப் பெயர் காட்டியது. ஆனால் அந்த வெற்றிக்கு மேட்டூர் நீரும், கடன் சங்கமும், உரக்கிடங்கும் ஒரே நேரத்தில் தயாராக இருந்தன. அதே வானொலி அரூர்ப் பக்கத்து மேட்டு நிலத்திலும் ஒலித்தது. விதைக்கச் சொன்ன நெல்லுக்கு அங்கே தண்ணீர் இல்லை. 1980களில் உலக வங்கி உதவியுடன் வந்த பயிற்சி மற்றும் வருகை முறை, குறித்த நாளில் குறித்த ஊருக்கு அலுவலர் வந்து ஊருக்குச் சில தொடர்பு உழவர்களிடம் செய்தி சொல்லிச் செல்வது என்ற ஏற்பாடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சொல்வதற்குப் புதிய செய்தி இருக்கும் நன்செய்க்குப் பொருந்தியது. ஆண்டுக்கு ஒரே விதைப்பு உள்ள புன்செயில் மூன்றாம் வருகைக்குப் பின் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் நிலைமை மாறியது வாணியாற்றால். சேர்வராயன் மலையில் பிறந்து தென்பெண்ணையில் கலக்கும் வாணியாற்றின் குறுக்கே, முள்ளிக்காட்டில் அணை கட்டி முடிந்த பிறகு, வெங்கடசமுத்திரம், ஆலாபுரம் பக்கத்து ஏரிகளும் கால்வாய் நிலங்களும் ஓரளவு உறுதியான நீர் கண்டன. கோபாலபுரத்தில் அமைந்த சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை அந்த நீரைக் கரும்பாக மாற்றியது. ஆலையின் கரும்பு அலுவலர் உழவருக்கு எந்தக் கல்லூரியும் தராத ஆசிரியராக இருந்தார்: கரும்பைப் பதிவு செய்வது, எந்த வகையின் விதைக்கரணையை வாங்குவது, எப்போது உரம் இடுவது, எந்த நாளில் வெட்டு உத்தரவு வரும் என்பது வரை அவர் வழியாகவே சென்றது. அவர் சொன்னதை உழவர் கேட்டதற்குக் காரணம் அவருடைய பட்டம் அல்ல. விளைந்த கரும்பை வாங்கும் இடத்திலிருந்து அவர் வந்தார். மொரீசியசில் நடந்ததன் சிறிய வடிவமே இது. வாங்குபவர் யாரோ அவரே கற்பிப்பவர், வாங்கப்படாத பயிர் கற்பிக்கப்படாத பயிர். நீர் குறைந்த ஆண்டுகளில் கரும்பு சுருங்கி, ஆலை அரைவை நாள்களும் சுருங்கியபோது, அந்தக் கல்வியும் அதனுடன் சேர்ந்து சுருங்கியது.

மரவள்ளிக் கிழங்கு இன்னொரு பாடத்தைத் தந்தது. சேலத்தின் ஜவ்வரிசி ஆலைகளை நம்பித் தருமபுரி மாவட்டத்திலும் பரவிய அப்பயிரை, 2020இல் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வேற்றுநாட்டு மாவுப்பூச்சி ஓரிரு ஆண்டுகளில் கடுமையாகத் தாக்கியது. தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்று 1970களில் அங்கே பெருஞ்சேதம் விளைவித்த அதே பூச்சி இது. அங்கே அதை அடக்கிய சிறு ஒட்டுண்ணிக் குளவி மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து பெங்களூரிலுள்ள தேசிய ஆய்வு நிறுவனத்தால் வரவழைக்கப்பட்டு, பல்கி, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களில் விடத் தொடங்கப்பட்டது. ஒட்டுண்ணிக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, அதைத் தின்றே வளர்வது. இந்தத் தீர்வு வேலை செய்ய உழவர் செய்ய வேண்டியது ஒன்றே: மருந்து அடிக்காமல் இருப்பது. கண்முன் குருத்து சுருண்டு பயிர் வெளுக்கும்போது கைகட்டி நிற்கச் சொல்வதைவிடக் கடினமான வேளாண் பாடம் வேறில்லை. அதைத் துண்டுப்பிரசுரம் கற்பிக்காது, குளவி விட்ட வயலை அடுத்த வயல்காரர் பருவம் முழுதும் வந்து பார்த்தால்தான் நம்பிக்கை பிறக்கும்.

வயலிலேயே கற்பிக்கும் அமைப்பு தமிழகத்துக்குப் புதிதல்ல. மோகன் சிங் மேத்தா குழுவின் பரிந்துரைப்படி நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கப்பட்டது; அப்பல்கலைக்கழகமே 1971 ஜூன் 1இல் பிறந்தது. பட்டமோ தேர்வோ இல்லாமல், செய்து கற்பது என்பதை ஒரே கொள்கையாகக் கொண்ட அந்நிலையங்கள் இன்று ஏறக்குறைய மாவட்டந்தோறும் உள்ளன. தருமபுரிக்குரியது பாப்பாரப்பட்டியில் இருக்கிறது. இறுதியாண்டு வேளாண் மாணவர் சில மாதம் ஊரில் தங்கிக் கற்கும் ஏற்பாடும் இப்போது பாடத்திட்டத்தில் உண்டு. சைதாப்பேட்டை விட்ட பிழையை நூறாண்டுக்குப் பின் திருத்திய ஏற்பாடு அது. மாணவருக்கு அதனால் கிடைக்கும் பயன் பெரிது, ஊருக்குக் கிடைக்கும் பயன் மாணவர் கிளம்பியவுடன் முடிந்துவிடுகிறது.

மேட்டுப் புன்செய்க்கு முறை வந்தது அண்மையில்தான், அதுவும் பள்ளியால் வரவில்லை. 2023இல் தமிழக அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கி, அதற்காகத் தருமபுரி, கிருஷ்ணகிரி உழவரிடமே நேரடியாகக் கொள்முதல் செய்தது. அரசு வாங்கத் தொடங்கியவுடன் கேழ்வரகின் விதைத் தரம், வரிசை நடவு, உலர்த்தும் களம், கல் நீக்குதல் ஆகிய அனைத்தும் கற்க வேண்டிய பொருள்களாகிவிட்டன. சித்தேரி மலையின் சாமைக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. அதை விளைவிப்பதைக் காட்டிலும் உமி நீக்குவதே கடினம் என்பதால், மலையூர்ப் பெண்களுக்கு முதலில் வேண்டியது வகுப்பு அன்று, அருகில் ஓர் அரைவைப் பொறி.

ஆகவே இவ்வட்டாரத்துக்கு இன்று கேட்க வேண்டியவை எளியவை. மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில் உள்ள பாப்பாரப்பட்டி நிலையத்துக்குப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மேட்டு நிலத்தில் ஒரு நிரந்தரச் செயல்விளக்கத் திடல் வேண்டும். அங்கே கேழ்வரகும் சாமையும் மரவள்ளியும் ஆண்டு தவறாமல் உழவர் கண்ணெதிரே விளைய வேண்டும். பயிற்சி நாள்களை நிதியாண்டு முடிவைப் பார்த்துக் குறிக்காமல் ஆடி, புரட்டாசி விதைப்பைப் பார்த்துக் குறிக்க வேண்டும். விதைப்பானையைக் காத்தவர்கள் பெண்கள் என்பதால், பயனாளிப் பட்டியல் பட்டாவில் உள்ள பெயரோடு நின்றுவிடாமல் அவர்களையும் சேர்த்துத் தொடங்க வேண்டும்.